விரத வீட்டில் பூண்டு வாசனை

தைப்பூசக் காவடிக்குக் கோவிலில் கொடியேறிவிட்டால் எங்கள் வீட்டில் பூண்டுக்கு இடம் கிடையாது. வெங்காயமும் வெளியே போய்விடும். மீன் வைத்த சட்டி, கோழி அறுத்த கத்தி எல்லாம் ஒரு சாக்குக்குள் போய்க் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்துகொள்ளும். அம்மா மூலைமுடுக்கு விடாமல் மஞ்சள் நீர் தெளித்துக் கழுவுவாள். அப்படிக் கழுவிய வீட்டில், கதவு சன்னல் எல்லாவற்றையும் ஆணியடித்து மூடியிருந்த ஒரு பகலில், எங்கிருந்து என்று தெரியாமல் பூண்டு வாசனை வந்தது. சமையல் கட்டில் அடுப்பு எரியவில்லை. உரிக்க வீட்டில் ஒரு பல் பூண்டும் இல்லை.

அப்போது நாங்கள் இந்தத் தீவின் தலைநகரான போர்ட் லூயிசுக்குப் பக்கத்தில், போ பசான் என்ற ஊரில் இருந்தோம். பலகைச் சுவர், தகரக் கூரை. முன்னறை, அதையொட்டி இரண்டு படுக்கையறைகள், முற்றம் தாண்டிச் சமையல் கட்டு. அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. போர்ட் லூயிசில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தான். அவன் சம்பளத்தில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். அந்த வருடம் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். நாட்டுக்குச் சுதந்திரம் வருமா, வந்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று பஸ்ஸிலும் கடையிலும் எல்லோரும் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது.

வீட்டில் நாங்கள் பேசியது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழி. சாமியிடமும் கோபத்திலும் மட்டும் அம்மா தமிழுக்கு மாறுவாள். அம்மா வாயில் தமிழ் வந்தால் ஒன்று கடவுள் பக்கத்தில் நிற்கிறார், இல்லையென்றால் நான் எதையோ உடைத்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து நான் புரிந்துகொண்டது அவ்வளவுதான். நான் எழுதப்போகும் நாளில் அம்மா காலையிலிருந்தே தமிழ்தான் பேசினாள். அண்ணியும் அவளுக்கு ஈடுகொடுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி வக்குவா என்ற ஊரிலிருந்து வந்தவள். கல்யாணமான பிறகு இரண்டு முறை பிரசவம் ஆயிற்று. இரண்டு முறையும் குழந்தை அழவில்லை. மூன்றாவதாக இப்போது வயிற்றில் ஒன்று இருந்தது. நிறைமாதத்துக்குக் கொஞ்ச காலமே பாக்கி. அண்ணன் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டான். அம்மா தன் பங்குக்கு ஒரு வேண்டுதல் வைத்தாள். கொடியேறும் நாளில் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, காவடி கோவிலுக்குப் போய்ச் சேரும்வரை அது அணையாமல் பார்த்துக்கொள்வது.

"விளக்கு நின்னா புள்ள நிக்கும்" என்றாள் அம்மா.

அதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துச் சொன்னாள். ஒரு கொடுக்கல் வாங்கலில் கடைசி விலையைச் சொல்லி முடித்த மாதிரி இருந்தது அந்தக் குரல். அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. எழுந்து எழுந்து வந்து எண்ணெய் ஊற்றினாள். திரியைத் தூண்டினாள். ஒரு கையால் சுடரை மறைத்துக்கொண்டுதான் முன்னறையைக் கடந்தாள்.

இனி அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் விடியுமுன்னே சைக்கிளில் வேலைக்குக் கிளம்புபவன். அவன் சைக்கிள் விளக்கு கார்பைட் விளக்கு. சாம்பல் நிறத்தில் சரளைக் கல்லைப் போல இருக்கும் கார்பைட். அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் ஒரு வாயு கிளம்பும். அந்த வாயுதான் வெள்ளையாக, கண் கூசும்படி எரியும். பட்டறையில் வெல்டிங்குக்கு வாங்குவதில் மிஞ்சிய கல்லை அண்ணன் ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். ஈரக்காற்று புகாதிருக்க மூடியைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டி இறுக்கியிருந்தான்.

"தம்பி, இதுல தண்ணி பட்டா இது சும்மா இருக்காது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். "பக்கத்துல நெருப்பு இருந்தா நீயும் சும்மா இருக்கமாட்டே."

அந்த டப்பா சைக்கிள் நிற்கும் சாய்ப்பில், உயரத்தில் ஒரு பலகைமேல் இருந்தது. புயல் வருகிறது என்று போலீஸ் நிலையத்தில் கொடி ஏற்றியதும் வெளியில் இருந்ததையெல்லாம் உள்ளே கொண்டுவந்தோம். எங்கள் வீட்டில் ஒழுகாத இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. சாமி மூலை. அங்கே மட்டும் அண்ணன் கூரையில் இரட்டைத் தகரம் போட்டுக் கொடுத்திருந்தான். அதனால் நனையக்கூடாத எல்லாம் அந்த மூலைக்குப் போயின. அரிசி மூட்டை, மாவு, தீப்பெட்டிகள், என் புத்தகங்கள், அண்ணியின் கல்யாணப் புடவை, குழந்தைக்கென்று தைத்து வைத்த சட்டைகள். டப்பாவை அம்மாவே தூக்கிவந்து புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். தண்ணீர் படக்கூடாது என்ற எச்சரிக்கையை அவளும் கேட்டிருந்தாள். அதை அக்கறையோடு காப்பாற்றினாள். விளக்கு அங்கிருந்து கைக்கெட்டும் தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் அன்று காலை சைக்கிளை வீட்டில் விட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. பஸ்கள் நின்றுவிட்டன. மலைப்பாதையில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன என்று செய்தி வந்தது. வீட்டில் நாங்கள் மூவர். நான் சன்னல்களுக்குக் குறுக்குக் கட்டைகளை வைத்து ஆணியடித்தேன். பிறகு காற்று வந்தது.

அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அது காதில் விழுவதே நின்றுவிடும், பல்லில் மட்டும் இருக்கும். பலகை இடுக்குகளில் மழை ஊசி ஊசியாக வந்தது. அரிக்கேன் விளக்கு ஆடிற்று. பகல்தான், ஆனால் உள்ளே மங்கல் இருட்டு. அண்ணி பாயில் சாய்ந்திருந்தாள். அம்மா சாமி மூலையில் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து, தன் உடம்பையே விளக்குக்குச் சுவராக்கி உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு மேலே, குறுக்கே கட்டிய கயிற்றில் அண்ணனின் மஞ்சள் வேட்டி தொங்கியது. விரதத் துணியை மற்றத் துணிகளோடு கலக்கக்கூடாது, தரையில் போடக்கூடாது. தினமும் துவைத்து வெளியில் தனியாக உலர்த்துவார்கள். அன்று வெளியே முடியாது. அதனால் அம்மா அதைச் சாமிக்கு நேராகக் கட்டியிருந்தாள். பிழிந்த துணிதான். ஆனால் சுவர் இடுக்கில் வந்த சாரல் அதன்மேல் விழுந்துகொண்டேயிருந்தது. துணி அதைக் குடித்து, நுனியில் சேர்த்து, மெல்லக் கீழே விட்டது. கீழே டப்பா. பெயிண்ட் டப்பாவின் மூடி நடுவில் குழிந்திருக்கும், ஒரு சிறு தட்டைப் போல. அந்தத் தட்டில் துரு தின்ற ஒரு பொட்டு ஓட்டை இருந்திருக்கிறது. அது எங்கள் யாருக்கும் தெரியாது.

வாசனையை முதலில் பிடித்தவள் அம்மா.

"யாருடி பூண்டு தின்னது?"

"நானா அத்தே?" என்றாள் அண்ணி. "கொடியேறுனதுலேருந்து பருப்பும் சோறும் தின்னு நாக்கே செத்துப் போச்சு. பூண்டு கெடச்சிருந்தா பச்சையாவே முழுங்கியிருப்பேன். உங்களுக்கும் ஒரு பல்லு குடுத்திருப்பேன்."

"சிரிக்காத. வயித்துல புள்ளய வெச்சிக்கிட்டு ஒளிச்சித் தின்னா சாமிக்குத் தெரியாதா?"

"மோ போந்தியே!" அண்ணி தலையில் கை வைத்துக் கிரியோலில் கடவுளைக் கூப்பிட்டாள். "வாய மோந்து பாருங்க. வாங்க, மோந்து பாருங்க!"

அம்மா நிஜமாகவே குனிந்து முகர்ந்தாள். பிறகு என்னிடம் வந்தாள். இருபது வயது கடந்தவன், ஆசிரியராகப் போகிறவன், வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றேன். அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கினாள். அவள் வயிறு குலுங்கியது. அந்த நாளில் நாங்கள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

அம்மா மோப்பம் பிடித்துக்கொண்டே அறை முழுவதும் நடந்தாள். கதவருகே இல்லை. படுக்கையறையில் இல்லை. திரும்பித் திரும்பி அது அவளைச் சாமி மூலைக்கே கொண்டுவந்து விட்டது. படத்துக்கு முன்னால் நின்றாள். குரல் இறங்கிவிட்டது.

"இங்கேருந்துதான் வருது. சாமிக்கிட்டேருந்து."

நானும் போய் முகர்ந்தேன். பூண்டுதான். ஆனால் சமையலில் வரும் பூண்டு இல்லை. பூண்டுக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, ஈரமான தீக்குச்சி மாதிரி, தொண்டையின் பின்பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சமையலறைக் கூரை பறந்து எல்லாம் சிதறியிருக்கும் என்று சொன்னேன். அம்மா கேட்கவில்லை. காலையில் அடுப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த கங்கைத் தூபக்காலில் இட்டுச் சாம்பிராணி போட்டாள். படத்துக்குக் காட்டினாள், விளக்குக்குக் காட்டினாள், அண்ணியின் வயிற்றுக்குக் காட்டினாள். கற்பூரத்தை எடுத்தபோது தீக்குச்சிகள் நமத்துப்போய் எரிய மறுத்தன. வேண்டுதல் விளக்கிலிருந்து நெருப்பெடுக்க மனமில்லாமல் கற்பூரத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். அந்த நமத்த தீக்குச்சிகளை இன்றும் சில சமயம் நினைத்துக்கொள்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் வாசனை குறைந்தது.

"போயிடிச்சி" என்றாள் அம்மா. முகம் தெளிந்தது. சாம்பிராணி விரட்டிவிட்டது என்று நானும் ஏறக்குறைய நம்பினேன். உண்மையில் நடந்தது வேறு. உள்ளே புகுந்த தண்ணீரில் கல் கரைந்து சுண்ணாம்புக் குழம்பாகியிருந்தது. அந்தக் குழம்பு பொங்கி வந்து ஓட்டையை அடைத்துவிட்டது. இதுவரை கசிந்து வெளியே போய்க்கொண்டிருந்த வாயு இப்போது உள்ளேயே சேர ஆரம்பித்திருந்தது. வாசனை போனதுதான் கெட்ட சகுனம். அதை மட்டும் யாரும் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு காற்று நின்றது.

புயலின் நடுக்கண் நேராக எங்கள்மேல் வந்து நின்றிருந்தது. சத்தம் அப்படியே அறுந்துபோனது. தகரம் பேசவில்லை, பலகை முனகவில்லை. என் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. இடுக்கு வழியாக ஒரு கோடு வெயில் வந்து தரையில் விழுந்தது. இந்த நேரத்தில் வெளியே போகக்கூடாது, காற்று எதிர்ப்பக்கமிருந்து திரும்பி வரும் என்று இந்தத் தீவில் நடக்கப் பழகாத பிள்ளைக்கும் தெரியும். மூவரும் அசையாமல் இருந்தோம்.

அப்போதுதான் அது கேட்டது. சாமி மூலையிலிருந்து.

டொக்.

யாரோ விரல் மடக்கி ஒருமுறை தட்டியது போல. அம்மா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி என்னைப் பார்த்தாள்.

டொக்.

"கூப்பிடுது" என்றாள் அம்மா.

"யாரு?" என்று அண்ணி கேட்டாள். அம்மாவின் பார்வை அண்ணியின் வயிற்றில் இருந்தது.

விளக்கின் சுடர் மாறியிருந்தது. காற்றில்லாததால் நேராக நின்றது என்பது மட்டுமில்லை. அது வளர்ந்திருந்தது. விரல் நீளத்துக்கு மேல் எழும்பி, நுனியில் கறுப்பு நூலாகப் புகை விட்டது. "சாமி வந்திருக்கு" என்று அம்மா கை கூப்பினாள். அந்தக் கறுப்பு நூலை நான் வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில், கண்ணாடிக் குழாயின் வாயில். தண்ணீருக்குள் ஒரு கல்லைப் போட்டு, வந்த குமிழிக்கு ஆசிரியர் நெருப்பு வைத்துக் காட்டினார். மேசை முழுக்கக் கரி பறந்தது. வகுப்பே கைதட்டியது.

டப்பாவைப் பார்த்தேன். குழிந்திருந்த மூடி இப்போது மேடாக உப்பியிருந்தது. ஒவ்வொரு உப்பலுக்கும் தகரம் டொக்கென்றது. விளிம்பைச் சுற்றி வெள்ளைக் குழம்பு வெற்றிலைச் சுண்ணாம்பு போலப் பிதுங்கியிருந்தது. தொட்டேன். காய்ச்சல்காரன் நெற்றியை விடச் சூடு. மேலேயிருந்து வேட்டியின் ஒரு சொட்டு என் மணிக்கட்டில் விழுந்தது. வேட்டியைப் பிடுங்கி அறையின் மறுபக்கம் எறிந்தேன்.

"ஏய்! வேட்டிய!" என்று அம்மா கத்தினாள்.

அரிக்கேனைத் திருகி அணைத்தேன். தூபக்கால்மேல் செம்புச் சட்டியைக் கவிழ்த்து மூடினேன்.

"அம்மா, சாமி விளக்கையும் அணைக்கணும்."

"என்ன சொன்னே?"

"இந்த டப்பாவுக்குள்ள காஸ் அடைஞ்சி கெடக்கு. கொஞ்சம் வெளியவும் வந்துருக்கு. எப்ப வேணா மூடி தெறிக்கும். தெறிச்சா மொத்தமா விளக்குலதான் பாயும். இந்த அறையே எரியும்."

"நீ எதுக்குப் படிச்சேன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றாள் அம்மா. "சாமி விளக்க அணைக்கப் படிச்சிருக்கே."

"நான் சொல்றத—"

"டப்பாவத் தூக்கி வெளிய எறி. விளக்கு உன்ன என்ன பண்ணுச்சி?"

"தூக்கும்போதே தெறிச்சா?"

அம்மா எழுந்து எனக்கும் விளக்குக்கும் நடுவில் நின்றாள். அவள் உயரம் என் நெஞ்சுவரைதான். அவளை நகர்த்துவது எனக்கு ஒரு பொருட்டல்ல. கை எழவில்லை.

"எம் பேரப்புள்ள அதுல இருக்கு" என்றாள்.

டொக்.

வயிற்றில் இருக்கிற பிள்ளையை அவள் விளக்கில் இருப்பதாகச் சொல்கிறாள். நான் அதே பிள்ளையை டப்பாவுக்குப் பக்கத்தில் பார்க்கிறேன். இரண்டு பேரும் ஒன்றைத்தான் காப்பாற்றப் பார்த்தோம். எனக்குத் தெரிந்த எந்தப் பாடமும் அந்த இடத்தில் உதவவில்லை. வாயு, அழுத்தம், வெப்பம் என்று நான் அடுக்கிய சொல்லுக்கு அம்மாவிடம் காதே இல்லை.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அணைக்க வேணாம். நான் எடுத்துக்கிட்டு வெளிய போறேன்."

"வெளியவா? சிக்லோன்லயா?"

"காத்து எங்க அத்தே இருக்கு? எலகூட அசையல."

"வெச்ச விளக்க எடம் மாத்தக்கூடாது."

"காவடியே நடந்துதான் கோவிலுக்குப் போவுது" என்றாள் அண்ணி. "விளக்கு நாலு அடி நடந்தா சாமி கோவிச்சிக்குமா? தள்ளுங்க."

அம்மா தள்ளி நின்றாள். இன்றுவரை அது எனக்கு ஆச்சரியம். நான் கடப்பாரையால் முன்கதவுக் கட்டையைப் பெயர்த்தேன். அண்ணி குனிந்து விளக்கை இரண்டு கையாலும் எடுத்தாள். அவள் அவசரப்படாமல் வாசலைத் தாண்டி இறங்கினாள். அம்மா அவள் பின்னாலேயே போனாள்.

உலர்ந்த சாக்கு ஒன்றை மடித்து டப்பாவைச் சுற்றித் தூக்கிக்கொண்டு நான் பின்வாசலை உதைத்துத் திறந்தேன். வெளியே இறங்கி, வீட்டின் ஓரமாக முன்வாசல் பக்கம் ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது, ஆனால் பார்த்தேன். தலைக்கு மேலே வட்டமாக நீல வானம். சுற்றிலும் கறுப்பு மேகம் கிணற்றுச் சுவர் போல நின்றது. வாசலுக்கு முன்னால் மாமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. இலையெல்லாம் உரிந்துபோன முருங்கைமரத்தடியில் ஒரு வெள்ளைக் கடற்பறவை, எங்கள் ஊர்ப்பக்கமே வராதது, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு நடுவே வயிறும் பிள்ளையுமாக அண்ணி, கையில் விளக்கோடு. சுடர் வரைந்து வைத்தது போல நின்றது. எங்கும் ஒரு சத்தமில்லை.

டப்பா என் கைக்குள் துடித்தது. உயிருள்ள ஒன்றை அடைத்து வைத்துத் தூக்கிப்போவது போல இருந்தது. கொல்லைக் கோடியில், தோட்டம் கொத்தும்போது பொறுக்கிக் குவித்த கருங்கற்கள் மார்பளவு உயரத்துக்கு இருந்தன. அதன் பின்னால் டப்பாவை வைத்துவிட்டு ஓடினேன். பாதி வழியில் அது வெடித்தது.

துப்பாக்கிச் சத்தம் இல்லை. மிகப் பெரிய ஒரு கதவை யாரோ அறைந்து சாத்தியது போல இருந்தது. தலைக்கு மேல் ஏதோ விசிலடித்துக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தபோது கருங்கற்கள் வெள்ளையாகியிருந்தன. ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. பறவை அசையவில்லை.

உள்ளே ஓடி ஒரு பக்கத்துச் சன்னல் கட்டைகளைப் பெயர்த்தேன். வாசனை இன்னும் இருந்தது. வெளிக்காற்று இருந்தால் ஒரு நொடியில் துடைத்துப்போயிருக்கும். காற்றே இல்லை. நான் பாயை எடுத்து வீசி வீசி அதை வெளியே தள்ளப் பார்த்தேன்.

அப்போது மேற்கே அது கேட்டது. லாரிகள் வரிசையாக மேடேறி வருவது போல. மேகச் சுவர் எங்களை நோக்கி நகர்ந்தது.

"வெளக்க உள்ள கொண்டா! சீக்கிரம்!" என்று அம்மா அண்ணியை இழுத்தாள்.

அண்ணி வாசற்படியில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"தம்பி, கொண்டு வரலாமா?"

நான் அறைக்குள் முகர்ந்தேன். பூண்டு. மெலிதாக, ஆனால் பூண்டுதான். எவ்வளவு இருந்தால் தீப்பிடிக்கும், எவ்வளவு இருந்தால் பிடிக்காது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாடத்தில் நாங்கள் கைதட்டியதோடு நிறுத்திவிட்டோம்.

"நீங்க வாங்க அண்ணி. விளக்கு வேணாம்."

முதல் காற்று அவள் புடவையைத் தூக்கியது. சுடர் படுத்தது, மறுபடி எழுந்தது. காற்றே அணைக்கட்டும் என்று விட்டிருந்தால் பழி காற்றின்மேல் போயிருக்கும். அண்ணி அப்படி விடவில்லை. ஊதவும் இல்லை. விரலால் திரியை மெல்ல எண்ணெய்க்குள் தள்ளினாள், வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து விளக்கைக் குளிரவைப்பது போல. பிறகு உள்ளே வந்தாள். நான் கதவை அடைத்தேன்.

இரண்டாம் காற்று முதலாவதைவிட மோசம். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் இருந்தோம். தீப்பெட்டியை நான் என் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன். அம்மா அழவில்லை, என்னைத் திட்டவில்லை. இருட்டுக்குள் அவள் குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

"அசையுதா?"

"அசையுது அத்தே."

கொஞ்சம் கழித்து மறுபடி.

"அசையுதா?"

"அசையுது. உங்க புள்ள மாதிரியே ஒதைக்குது."

காற்று ஓயும்வரை அந்தக் கேள்வி ஓயவில்லை. பதில் ஒருமுறை தாமதமானது. அந்தத் தாமதத்தில் நாங்கள் மூவரும் எங்கே இருந்தோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் அண்ணன் போர்ட் லூயிசிலிருந்து விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தான். கொல்லைக்குப் போய் வெள்ளையான கற்களைப் பார்த்தான். டப்பாவின் மூடி பக்கத்து வீட்டுத் தகரச் சுவரில் பாதி செருகி நின்றது. அதை இழுத்துப் பார்த்தான், வரவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என் கல்லும்மா அது" என்றான். "சாமியும் இல்ல, பேயும் இல்ல. கல்லு."

"உன் கல்லுதான்" என்றாள் அம்மா. "தட்டுனது யாரு?"

நான் விடவில்லை. சைக்கிள் விளக்கில் மிச்சமிருந்த ஒரு துண்டுக் கல்லைத் திறந்த முற்றத்தில் தட்டில் வைத்துத் தண்ணீர் தெளித்தேன். கல் சீறியது, நுரைத்தது. அம்மாவை முகரச் சொன்னேன். கல்லும் தண்ணீரும் தனித்தனியாக இருந்தால் ஒன்றுமில்லை, சேர்ந்தாலும் திறந்த வெளியில் பெரிதாக ஒன்றுமில்லை, மூடியைத் தட்டி இறுக்கி அடைத்து வைத்ததுதான் அதற்கு அந்தப் பலத்தைக் கொடுத்தது என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றுத்தந்த முறைப்படி நிறுத்தி நிறுத்தி விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டாள். குனிந்து முகர்ந்தாள்.

"இதே வாசனதான்" என்று தலையாட்டினாள். "அப்ப இதுக்குள்ளதான் இருந்திருக்கு."

அதற்குப் பிறகு நான் விளக்கவில்லை.

அண்ணன் காவடி எடுத்தான். கூரையில்லாத வீடுகளுக்கு நடுவே ஊர்வலம் போனது. அம்மா பின்னால் தலை நிமிராமல் நடந்தாள். வீட்டில் அந்த விளக்கை அவள் மறுபடி ஏற்றவில்லை. யார் சொல்லியும் ஏற்றவில்லை. அண்ணனின் சைக்கிளுக்குக் கார்பைட் விளக்குக்குப் பதிலாக டைனமோ விளக்கு வந்தது. அண்ணியிடம் அம்மா கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சி வைத்தாள், கால் பிடித்துவிட்டாள். ஆனால் குழந்தைக்குத் தைத்த சட்டைகளை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். "இருக்கட்டும், பாத்துக்கலாம்" என்றாள்.

வலி ஒரு காலையில் வந்தது. மருத்துவச்சி உள்ளே போனாள். அண்ணன் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பழுதில்லாத சங்கிலியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அம்மா முன்னறையில், படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பயறு புடைத்தாள். நான் வாசற்படியில் நின்றேன்.

உள்ளே மருத்துவச்சியின் குரல் உயர்ந்தது, பிறகு நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அம்மாவின் கையில் முறம் அசையாமல் நின்றது. அண்ணன் சங்கிலியைக் கீழே வைத்தான்.

பிறகு அழுகை வந்தது. கரகரத்த, கோபமான அழுகை. பலகைச் சுவர் முழுக்க நிறைந்தது.

அண்ணன் சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை. முகத்தைக் கிரீஸ் கையால் மூடிக்கொண்டான். பெண்ணா பிள்ளையா என்றுதான் இந்த நேரத்தில் எந்த வீட்டிலும் கேட்பார்கள். அம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. கதவைப் பார்த்து, மெல்ல, தமிழில் கேட்டாள்.

"யாரு வந்திருக்கா?"

நான் வாசற்படியிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. களைத்துப்போயிருந்தது, ஆனால் அவளுடைய குரல்தான்.

"நீங்களே வந்து கேளுங்க அத்தே. எனக்குப் பதில் சொல்ல மாட்டேங்குது, கத்த மட்டுந்தான் தெரியுது."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.